வீட்டு ரீஃப் தொட்டியில் ஆல்கலினிட்டியும் பிஎச்சும்: குமரி மாவட்டத்து வீடுகளுக்கு ஒரு செய்முறை

ஆடிச் சாரல் பிடித்துக்கொண்டால் நாகர்கோவில் பக்கத்து வீடுகளின் சன்னல்கள் நாள்கணக்கில் சாத்தியே கிடக்கும். அப்படியொரு ஆடியில், அதற்கு முந்தின மாதம் வரை காலையில் 8.1 காட்டிக்கொண்டிருந்த என் ரீஃப் தொட்டியின், அதாவது மீன்களும் பவளங்களும் வாழும் கடல்நீர்த் தொட்டியின், பிஎச் 7.8-க்கு இறங்கியது. பிஎச்சை ஏற்றும் திரவம் என்று விற்கப்படும் ஒன்றை வாங்கி வந்து, நான்கு நாட்கள் காலைதோறும் ஊற்றினேன். ஒவ்வொரு நாளும் பிஎச் சில மணி நேரம் ஏறி, மறுநாள் விடியற்காலையில் பழைய இடத்துக்கே வந்து நின்றது. ஐந்தாம் நாள், நீரை வடிகட்டும் துணைத்தொட்டியான சம்ப்பில் இருந்த மோட்டார் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தபோது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பிடிக்கும் உப்பைப் போல அதன் சுழலியைச் சுற்றி வெள்ளைப் படிவம் இறுகியிருந்தது. அப்போதுதான், அமிலத்தை ஈடுகட்டும் நீரின் திறனான ஆல்கலினிட்டியைச் சோதித்தேன். அதன் அலகான டிகேஎச் கணக்கில் 13 இருந்தது. அதற்குள் சுருங்கிவிட்டிருந்த லெதர் என்னும் மென்பவளம் மீண்டும் விரிய மூன்று வாரங்கள் ஆயின.

நான் ஊற்றியது கார்பனேட் கரைசல். தொட்டியில் கார்பனேட்டுக்குக் குறைவே இருக்கவில்லை. மூடிய அறையில் நான்கு பேர் விட்ட மூச்சின் கரியமில வாயு நீரில் கரைந்ததால்தான் பிஎச் இறங்கியிருந்தது. அந்த நாட்களில் காற்றுக்கு எதிர்ப்பக்கத்துச் சன்னல் ஒன்றைத் திறந்து வைத்திருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும். ஆல்கலினிட்டி குறைந்தால் ஆப்பச்சோடா போன்ற உப்பைச் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும், பிஎச் குறைந்தால் காற்றைக் கொண்டு சரிசெய்ய வேண்டும் என்ற வேறுபாட்டைத் தெரிந்துகொண்டவருக்கு இந்தப் பொழுதுபோக்கின் பாதித் தொல்லைகள் வருவதில்லை. இரண்டையும் எப்படி அளப்பது, எவ்வளவு சேர்ப்பது, எப்போது ஒன்றும் சேர்க்காமல் இருப்பது என்பவற்றை நம் மாவட்டத்தின் காற்றையும் மழையையும் தண்ணீரையும் கருத்தில் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

இரண்டும் ஒன்றல்ல

ஆல்கலினிட்டியைத் தமிழில் காரத்தன்மை என்று எழுதிப் பழகிவிட்டோம். பிஎச் உயர்ந்த நீரையும் காரத்தன்மையுள்ள நீர் என்றே சொல்கிறோம். ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதால், ஒன்று குறைந்தால் மற்றதும் குறைந்திருக்கும் என்று மனம் தானாகவே முடிவு செய்துவிடுகிறது. ஆகவே இக்கட்டுரையில் ஆல்கலினிட்டியைக் கார இருப்பு என்று குறிப்பிடுகிறேன். நீரில் அமிலம் சேரும்போது அதை ஏற்று ஈடுகட்டுவதற்குப் பைகார்பனேட், கார்பனேட், சிறிதளவு போரேட் ஆகியவை எவ்வளவு கைவசம் உள்ளன என்பதே அந்த அளவு. பிஎச் என்பது அளக்கும் அந்த நேரத்தில் நீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா, எவ்வளவு தூரம் என்பதை மட்டும் காட்டும். ஆகவே அது மணிக்கு மணி மாறும்.

கரியமில வாயு நீரில் கரையும்போது கார்பானிக் அமிலம் உண்டாகிப் பிஎச் இறங்குகிறது. ஆனால் கார இருப்பின் அளவு மாறுவதில்லை. அதே வாயு வெளியேறும்போது பிஎச் ஏறுகிறது. அப்போதும் கார இருப்பு அப்படியே இருக்கிறது. பகலில் விளக்கு எரியும்போது பாசிகளும் பவளங்களுக்குள் வாழும் நுண்பாசிகளும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் பிஎச் ஏறுவதும், இரவில் எல்லா உயிர்களும் மூச்சு மட்டும் விடுவதால் இறங்குவதும் இதனால்தான். ஒரு நாளுக்குள் 0.2 முதல் 0.3 வரை ஏறி இறங்குவது எல்லாத் தொட்டிகளுக்கும் இயல்பு. அதைச் சமன்படுத்த முயல வேண்டியதில்லை.

திறந்த கடல் நீரில் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, கார இருப்பு ஏறத்தாழ 6.5 முதல் 7 டிகேஎச், பிஎச் 8.1-ஐ ஒட்டி, கால்சியம் 410 முதல் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), மக்னீசியம் 1,300 பிபிஎம் அளவில் இருக்கும். வீட்டுத் தொட்டிக்குக் கார இருப்பை 7.5-க்கும் 9-க்கும் இடையில் ஏதாவது ஓர் எண்ணில் வைத்துக்கொள்ளலாம். எந்த எண் என்பதைவிட, அந்த எண்ணிலிருந்து அரை டிகேஎச்சுக்கு மேல் விலகாமல் இருப்பது முக்கியம். 7.6-இலேயே ஆண்டு முழுவதும் நிற்கும் தொட்டி, 8-க்கும் 11-க்கும் இடையில் ஆடிக்கொண்டிருக்கும் தொட்டியைவிட எல்லா வகையிலும் நன்றாக இருக்கும். பிஎச் 7.8-க்கும் 8.4-க்கும் இடையில் இருந்தால் அதைத் துரத்த வேண்டாம். சில பெட்டிகளில் கார இருப்பு வேறு அலகில் குறிக்கப்பட்டிருக்கும்: 1 மில்லி ஈக்குவலென்ட் என்பது 2.8 டிகேஎச், அதுவே கால்சியம் கார்பனேட் கணக்கில் 50 பிபிஎம்.

தொட்டிக்குள் எதை வைக்கலாம்

கடலோரத்தில் வாழும் நமக்கு இந்தப் பகுதி கட்டாயம். கல் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. வலையில் சிக்கி வந்தது, கரையில் ஒதுங்கிக் கிடந்தது, செத்த கல்தானே என்ற காரணங்களுக்காக எதையும் வீட்டுக்கு எடுத்து வரலாகாது. இங்கே நான் மனத்தில் வைத்து எழுதுவது, பண்ணையில் பொரித்த கோமாளி மீன்கள், ரசீதுடன் வாங்கிய லெதர், காளான் வகை மென்பவளங்கள், நத்தைகள், பாறையெங்கும் ஊதா நிறத்தில் படரும் பவளப்பாசி ஆகியவை கொண்ட தொட்டியை. மென்பவளத்துக்குக் கார இருப்பு எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. லெதர் பவளத்தின் உடலுக்குள்ளும் நுண்ணிய சுண்ணாம்பு ஊசிகள் உள்ளன. பவளப்பாசி முழுவதுமே சுண்ணாம்பில்தான் தன்னைக் கட்டிக்கொள்கிறது. நன்றாகப் படர்ந்த பவளப்பாசி மட்டுமே ஒரு தொட்டியின் கார இருப்பைக் கண்கூடாகக் குறைக்கும்.

கடற்கரை மணலைத் தொட்டியின் அடியில் பரப்புவதும் வேண்டாம். மணவாளக்குறிச்சிப் பகுதியின் கரும்மணலிலும் செம்மணலிலும் இருப்பவை இல்மனைட், கார்னெட், சிர்க்கான், மோனசைட் போன்ற கனிமங்கள். அவற்றில் சுண்ணாம்பு இல்லை. மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. கடையில் கிடைக்கும், சுண்ணாம்பு வகையான அரகோனைட் மணல் பொருத்தமானது. ஆனால் அது பிஎச்சைத் தானாகவே 8.2-இல் நிறுத்திவிடும் என்று நம்பக் கூடாது. தொட்டி நீரின் வழக்கமான பிஎச்சில் அந்த மணல் கரைவதே இல்லை.

தண்ணீரில் தொடங்கும் ஏற்ற இறக்கம்

கார இருப்பு காரணமில்லாமல் ஆடுகிறது என்று சொல்பவர்களின் தொட்டிகளில், பெரும்பாலும் உப்புத்தன்மைதான் ஆடிக்கொண்டிருக்கும். கார இருப்பு உப்போடு சேர்ந்தே நீர்க்கும், சேர்ந்தே செறியும். உப்புத்தன்மை 35-இலிருந்து 32-க்கு இறங்கினால் 8 டிகேஎச் 7.3 ஆகிவிடும், ஆப்பச்சோடாவைத் தேட வேண்டிய நேரம் அதுவல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று பலமாக வீசும் மாதங்களில், சன்னல் திறந்திருக்கும் வீட்டில் தொட்டி நீர் வழக்கத்தைவிட வேகமாக ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த மட்டத்தை நன்னீரால் மட்டுமே, அதுவும் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஊற்றாமல் நாள்தோறும் சிறிது சிறிதாக நிரப்ப வேண்டும். எந்தச் சோதனைக்கும் முன்னால், உப்புத்தன்மை 35 என்று தெரிந்த திட்டக் கரைசலில் சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டரால் உப்புத்தன்மையைப் பாருங்கள்.

நிரப்பும் நீர் ஆர்ஓ வழியாகவும் அயனி நீக்கும் ரெசின் வழியாகவும் வந்து, கரைந்த திடப்பொருள்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டுவதாக இருக்க வேண்டும். கடலோர ஊர்களின் கிணற்றுநீரில் உவர்ப்பும் கடினத்தன்மையும் இருக்கும். மேற்கே சரல் மண் நிலத்துக் கிணறுகளின் நீர் நாவுக்கு இனிமையாகவும் டிடிஎஸ் குறைவாகவும் இருந்தாலும், அதில் நைட்ரேட்டும் சிலிகேட்டும் எவ்வளவு என்பதை டிடிஎஸ் மீட்டர் சொல்லாது. இரு வகைக் கிணற்றுநீரையும் தவிர்க்கலாம்.

கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது உப்பை ஏன் விலைகொடுத்து வாங்க வேண்டும் என்பது நம் மாவட்டத்தவர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி. கடல்நீரைப் பயன்படுத்தலாம்; ஆனால் இடமும் காலமும் பார்த்து எடுக்க வேண்டும். பழையாறு கடலில் சேரும் மணக்குடியிலும், குழித்துறையாறு சேரும் தேங்காய்ப்பட்டணத்திலும் முகத்துவாரத்தை ஒட்டி எடுக்கும் நீர் மழைக்குப் பின் நன்னீர் கலந்திருக்கும். சின்னமுட்டம், குளச்சல் போன்ற மீன்பிடித் துறைமுகங்களுக்குள் டீசலும் கழிவும் கலந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் மேற்குக் கடலின் அடிநீர் மேலே வருகிறது. அது குளிர்ந்தது, சத்து மிகுந்தது, கரியமில வாயு கூடியது, ஆகவே பிஎச் குறைந்தது. மீனுக்கு நல்ல காலம், தொட்டிக்கு நீர் எடுக்க உகந்த காலமல்ல. தை பிறந்து கடல் அடங்கித் தெளிந்திருக்கும் மாதங்களில், ஆற்றுவாயிலிருந்து விலகிய கரையில் எடுத்து, துணியில் வடிகட்டி, மூடிய பீப்பாயில் வெளிச்சம் படாமல் இரண்டு வாரங்களாவது வைத்து, பிறகு தெளிந்த மேல்நீரைக் காற்றோட்டம் கொடுத்துப் பயன்படுத்த வேண்டும்.

அதிலும் ஒரு கணக்கு உண்டு. இயற்கைக் கடல்நீரின் கார இருப்பு 7-ஐ ஒட்டியே இருக்கும். பாக்கெட் உப்பில் கலக்கிய நீர், தயாரிப்பைப் பொறுத்து 8 முதல் 12 டிகேஎச் வரை இருக்கும். ஒரு மாதம் கடல்நீர், மறுமாதம் பாக்கெட் உப்பு என்று மாற்றி மாற்றி ஊற்றும் தொட்டியில் கார இருப்பு ஒருநாளும் நிலைக்காது. எதைத் தேர்ந்தாலும், ஊற்றும் முன் அந்த நீரைச் சோதித்துத் தொட்டியின் அளவுக்குக் கொண்டு வந்த பிறகே மாற்றுங்கள்.

அளக்கும் முறை

கார இருப்புக்குத் துளிச் சோதனைப் பெட்டி போதுமானது. தொட்டி நீரைக் குறிப்பிட்ட அளவு எடுத்து, நிறம் மாறும் வரை அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். பல பெட்டிகளில் 5 மில்லி நீருக்கு ஒரு சொட்டு 1 டிகேஎச் என்று இருக்கும். அரை டிகேஎச் வேறுபாட்டைக் கவனிக்க விரும்பும் நமக்கு அது போதாது; 10 மில்லி நீர் எடுத்தால் ஒவ்வொரு சொட்டும் 0.5 ஆகிவிடும். புட்டியைச் சாய்க்காமல் நேர்செங்குத்தாகப் பிடித்தால் சொட்டுகள் ஒரே அளவில் விழும்.

நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் சோதனைக் கரைசல்கள் காலாவதித் தேதிக்கு முன்பே கெடுவதுண்டு. பெட்டியை நம்புவதற்கு முன், தெரிந்த அளவுள்ள ஒரு கரைசலை நீங்களே செய்து பாருங்கள். கலப்பில்லாத ஆப்பச்சோடா 2.4 கிராம் எடுத்து, பூஜ்ய டிடிஎஸ் நீரில் கரைத்து 1 லிட்டராக்குங்கள். அதிலிருந்து 100 மில்லி எடுத்து, மீண்டும் அதே நீரால் 1 லிட்டராக்குங்கள். இந்த இரண்டாம் கரைசலின் கார இருப்பு 8 டிகேஎச். உங்கள் பெட்டி 9.5 காட்டினால், அது எப்போதும் ஏறத்தாழ 1.5 கூட்டிச் சொல்கிறது என்று பொருள். நகை எடை பார்க்கும் வகைச் சிறு மின்தராசு ஒன்று இதற்கு வேண்டும். இந்தச் செய்முறை முழுவதற்கும் அது பயன்படும். ஆப்பச்சோடா வாங்கும்போது பேக்கிங் பவுடரை வாங்கிவிடக் கூடாது. அதில் மாவும் அமில உப்பும் கலந்திருக்கும்.

பிஎச் மீட்டரை, பிஎச் 7, 10 என்று நிலையாக இருக்கும் இரண்டு பஃபர் கரைசல்களிலும் மாதம் ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும். முனையைக் காயவிடவும் கூடாது, ஆர்ஓ நீரில் ஊறவிடவும் கூடாது. அதற்குரிய பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்க வேண்டும். ஒரு நாளின் மிகக் குறைந்த பிஎச் விளக்கு எரிவதற்குச் சற்று முன்பும், மிக உயர்ந்த பிஎச் விளக்கு அணைவதற்குச் சற்று முன்பும் இருக்கும். திங்கட்கிழமை காலையில் அளந்ததையும் புதன்கிழமை மாலையில் அளந்ததையும் ஒப்பிட்டு, பிஎச் ஏறிவிட்டது என்று மகிழ்வதில் பொருளில்லை. ஒரு நோட்டில் தேதி, நேரம், உப்புத்தன்மை, வெப்பநிலை, கார இருப்பு, பிஎச், சன்னல் திறந்திருந்ததா என்ற ஏழையும் எழுதி வையுங்கள். கடைசிக் குறிப்புதான் பின்னர் அதிகம் உதவும்.

எவ்வளவு சேர்ப்பது

முதலில் தொட்டியின் உண்மையான நீரளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். 200 லிட்டர் என்று சொல்லி வாங்கிய தொட்டியில் பாறையும் மணலும் போக 160 லிட்டர்தான் இருக்கக்கூடும். முதன்முறை நிரப்பும்போதே குடத்தை எண்ணி ஊற்றியவர்கள் இதில் தவறுவதில்லை.

அடுத்து, எதையும் சேர்க்காமல் மூன்று நாட்கள் விட்டு, முதல் நாளும் நான்காம் நாளும் ஒரே நேரத்தில் கார இருப்பை அளக்க வேண்டும். ஒரே நாளில் ஏற்படும் குறைவு சோதனைப் பெட்டியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதால்தான் மூன்று நாள் இடைவெளி. 8.4 இருந்தது 7.5 ஆகியிருந்தால், நாளுக்கு 0.3 டிகேஎச் செலவாகிறது. 100 லிட்டர் நீரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் ஆப்பச்சோடா வேண்டும். ஆகவே 160 லிட்டருக்கு 1 டிகேஎச் என்றால் 4.8 கிராம், 0.3 என்றால் நாளொன்றுக்கு 1.44 கிராம்.

இதைத் தினமும் நிறுத்துப் போடுவதைவிடக் கரைசலாக வைத்துக்கொள்வது எளிது. 60 கிராம் ஆப்பச்சோடாவைப் பூஜ்ய டிடிஎஸ் நீரில் கரைத்து 1 லிட்டராக்கினால், அதில் 24 மில்லி நம் உதாரணத் தொட்டிக்கு ஒரு நாள் தேவை. நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில், மெல்ல ஊற்ற வேண்டும். ஏற்கெனவே இறங்கிவிட்ட கார இருப்பை மேலே கொண்டுவர வேண்டுமானால், ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றக் கூடாது. 5-க்கு இறங்கிய தொட்டியை 8-க்குக் கொண்டுவர மூன்று நாட்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை.

சுண்ணாம்புப் படிவம் உருவாகும்போது கார இருப்போடு கால்சியமும் செலவாகிறது. 1 டிகேஎச்சுக்கு ஏறத்தாழ 7 பிபிஎம் கால்சியம். மேலே சொன்ன சோடாக் கரைசலுக்கு இணையாக, இரண்டு நீர் மூலக்கூறு கொண்ட கால்சியம் குளோரைடை 52.5 கிராம் எடுத்து 1 லிட்டராக்கி வைத்துக்கொண்டால், இரண்டையும் ஒரே மில்லி அளவில் சேர்க்கலாம். ஆனால் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சேர்க்கக் கூடாது. இரண்டும் நேரடியாகச் சந்தித்தால் பால்போல் திரைந்து சுண்ணாம்பாகக் கீழே படிந்துவிடும். காலையில் ஒன்றும் மாலையில் மற்றதுமாகச் சேர்ப்பது பாதுகாப்பானது. மென்பவளத் தொட்டியில் கால்சியம் மெதுவாகவே இறங்குவதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோதித்து 400 முதல் 440-க்குள் இருந்தால் அந்தக் கரைசலைக் குறைத்துக்கொள்ளலாம். எவ்வளவு சோடா சேர்த்தும் கார இருப்பு ஏறாமல், கண்ணாடியிலும் மோட்டாரிலும் வெள்ளை படிந்தால் மக்னீசியத்தைப் பாருங்கள். 1,250-க்குக் கீழே போயிருந்தால், சுண்ணாம்பு தானாகவே படிவதைத் தடுக்கும் சக்தி நீரில் குறைந்துவிட்டது என்று பொருள்.

ஆப்பச்சோடா பிஎச்சை ஏற்றாது. சேர்த்தவுடன் மிகச் சிறிதளவு இறக்கவும் செய்யும். பிஎச் எப்போதும் 8-க்குக் கீழே நிற்கும் வீடுகளில், அதே சோடாவைத் தட்டில் மெல்லப் பரப்பி 150 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் ஓவனில் வைத்தால், நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறிச் சோடியம் கார்பனேட் ஆகிவிடும்; எடை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் குறையும். இது 100 லிட்டருக்கு 1 டிகேஎச் ஏற்ற 1.9 கிராம் போதும். சேர்க்கும்போது பிஎச்சும் ஏறும். சலவைக்கு விற்கும் சோடாவை இதற்கு மாற்றாக எடுக்க வேண்டாம். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது.

மீன் அதிகமுள்ள தொட்டியில், எதுவும் சுண்ணாம்பு கட்டாவிட்டாலும் கார இருப்பு இறங்கும். கழிவின் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. நைட்ரேட் 50 பிபிஎம் சேர்வதற்குள் ஏறத்தாழ 2.3 டிகேஎச் கரைந்துவிடும். இங்கே சோடாவைக் கூட்டுவதற்கு முன் தீனியைக் குறைக்க வேண்டும்.

சுண்ணாம்பு நீர்

பிஎச்சையும் கார இருப்பையும் கால்சியத்தையும் சேர்த்தே தாங்கும் ஒரு பழைய வழி, கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த தெளிந்த சுண்ணாம்பு நீர். வெற்றிலைச் சுண்ணாம்புக் கலயத்தில் மேலே ஏடுபோலப் படிவதைப் பார்த்தவர்களுக்கு இதன் இயல்பு தெரியும்: காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிறது. தொட்டிக்குள்ளும் அது கரியமில வாயுவைப் பிடிக்கிறது; அங்கே பைகார்பனேட்டாக மாறுகிறது. வாயு குறைவதால் பிஎச் ஏறுகிறது. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பும் வெள்ளையடிக்க நீற்றிய சுண்ணாம்பும் தொட்டிக்கு ஆகா. ஆய்வகத் தரமோ உணவுத் தரமோ கொண்ட கால்சியம் ஹைட்ராக்சைடை வாங்க வேண்டும்.

ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேல் இது கரையாது. அந்தச் செறிந்த கரைசலின் பிஎச் 12-க்கு மேல். நம் 160 லிட்டர் தொட்டியின் நாளாந்தத் தேவையான 0.3 டிகேஎச்சுக்கு 0.6 கிராம் போதும். அதை அன்றன்று நிரப்ப வேண்டிய நன்னீரில் கரைத்து, மூடிய பாத்திரத்தில் வண்டல் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் மருத்துவமனை டிரிப் குழாய் போன்ற ஒன்றின் வழியாக, பிஎச் தாழும் இரவு நேரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரே வீச்சில் ஊற்றினால் பிஎச் 8.5-ஐத் தாண்டி, கார இருப்பின் ஒரு பகுதி வெண்மேகமாகப் படிந்து போகும். கண்ணில் பட்டால் புண்ணாக்கும். கண்ணாடி அணிந்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் கலக்குங்கள். தானாக நீர் நிரப்பும் மிதவைக் கருவியோடு இதை இணைப்பவர்கள், மிதவை சிக்கிக்கொண்டாலும் தொட்டி தாங்கும் அளவுக்கு மேல் அந்த வாளியில் சுண்ணாம்பு நீரை வைக்கக் கூடாது.

பிஎச் இறங்கும்போது

கார இருப்பு 8-இல் இருக்கிறது, உப்புத்தன்மை சரியாக இருக்கிறது, ஆனால் பிஎச் 7.8 என்றால், ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு செம்பு தொட்டி நீரை எடுத்து வீட்டுக்கு வெளியே, முற்றத்திலோ மொட்டை மாடியிலோ வைத்து, காற்றுக் கல்லால் ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். பிறகு பிஎச்சை அளந்தால் 8.1-ஐ நெருங்கி ஏறியிருக்கும். அடுத்து இன்னொரு செம்பு நீரை வீட்டுக்குள்ளேயே அதே போலச் செய்யுங்கள். வெளியே ஏறி உள்ளே ஏறாவிட்டால், வீட்டுக் காற்றில்தான் கரியமில வாயு மிகுந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் ஏறினால், வீட்டுக் காற்று நன்றாகவே இருக்கிறது. தொட்டியின் மேற்பரப்பில்தான் அசைவு போதவில்லை.

வெளிக்காற்றில் கரியமில வாயு 420 பிபிஎம்மைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. கதவடைத்து ஏசி ஓடும் அறையில், உள்ளே உறங்குபவர்களின் மூச்சால் அது 1,000-ஐத் தாண்டுவது சாதாரணம். நீரும் அந்தக் காற்றோடுதான் சமநிலைக்கு வரும். அதற்கு மேல் எந்தத் திரவமும் நிலைத்து உதவாது. குமரியின் கடற்காற்று ஆண்டின் பெரும்பகுதி நமக்கு இலவசமாகவே இதைச் சரிசெய்து தருகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் என்பதால், அடைத்த சன்னல்களின் காலம் நமக்கு ஆண்டில் இரண்டு முறை வருகிறது. அந்த மாதங்களுக்கு நான் கண்ட நல்ல வழி, காற்றுக் குமிழிகளால் நீரின் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் காற்றை உறிஞ்சும் சிறு குழாயை நீட்டி, சன்னல் சட்டத்தில் ஒரு துளையிட்டு வெளியே விடுவது. குழாயின் வாயை மழைநீர் ஏறாதபடி கீழ்நோக்கி வளைத்து, கொசுவலைத் துணியால் கட்டிவிட வேண்டும். என் தொட்டியில் இந்த ஒரு மாற்றத்தால் அடைமழை நாளின் விடியற்காலைப் பிஎச் 7.8-இலிருந்து 8.0 ஆனது. அருகில் விறகடுப்புப் புகையோ கொசு மருந்துப் புகையோ வரும் இடமானால் அந்தப் பக்கம் குழாயை விடாதீர்கள்.

சம்ப்பில் ஒரு பகுதியைப் பிரித்துக் கீட்டோமார்ஃபா போன்ற பாசியை வளர்த்து, தொட்டி விளக்கு அணைந்திருக்கும் இரவில் அதற்கு மட்டும் விளக்கிடுவது இரவு இறக்கத்தைக் குறைக்கும். கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் நிரப்பிய குடுவை வழியாக ஸ்கிம்மர் காற்றை இழுப்பதும் பலன் தரும்; ஆனால் அதைத் திரும்பத் திரும்ப வாங்கி மாற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் கடைசி வழியாகவே அதைச் சொல்வேன்.

மின்சாரம் போகும்போது

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது மீனவர் குடும்பங்கள் பட்ட துயரத்தின் முன் மீன்தொட்டி ஒரு பொருட்டல்ல. ஆயினும் உயிர்களை வீட்டில் வைத்திருப்பவர் அடுத்த புயலுக்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும். நீரோட்டம் நின்றால் முதலில் பிராணவாயு குறையும். கூடவே கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கும். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும், அதற்குப் போதுமான மின்கலங்களும் வீட்டில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் இருந்தால் விளக்கை விட்டுவிட்டு, ஒரு சிறு மோட்டாரை மட்டும் அதில் இணையுங்கள். தீனியை நிறுத்திவிடுங்கள்.

அந்த நேரத்தில் பிஎச் 7.6 காட்டினாலும் சோடாவோ சுண்ணாம்பு நீரோ சேர்க்காதீர்கள். கலங்காத நீரில் அது விழுந்த இடத்திலேயே தேங்கி அருகிலுள்ள உயிர்களைச் சுட்டுவிடும். வெளிச்சமில்லாத நாட்களில் பவளப்பாசி சுண்ணாம்பு கட்டுவதும் குறைந்துவிடுவதால், கார இருப்பின் செலவும் வழக்கத்தைவிடக் குறைவாகவே இருக்கும். மின்சாரம் வந்தபின் ஒரு முழு இரவும் பகலும் நீரோட்டமும் ஸ்கிம்மரும் ஓடட்டும். முதலில் உப்புத்தன்மையையும், அடுத்துக் கார இருப்பையும், கடைசியாகப் பிஎச்சையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். விடுபட்ட நாட்களின் சோடாவைச் சேர்த்துக் கணக்கிட்டு ஊற்றாமல், அன்று அளந்த எண்ணிலிருந்தே நாள்தோறும் சேர்க்கும் அளவை மீண்டும் தொடங்குங்கள்.